குரோம்புக் வாங்கலாமா? திருகோணமலையில் வேலை பார்ப்பவர்களுக்கும் வேலை தேடுபவர்களுக்கும்

நீங்கள் பார்க்கும் வேலையில், அல்லது அடுத்த மாதம் சேரப்போகும் வேலையில், கணினித் திரையில் நாள் முழுவதும் எது திறந்திருக்கும்? குரோம்புக் போன்ற மலிவான மடிக்கணினியை வாங்குவதா வேண்டாமா என்பதற்கு முக்கால்வாசி விடை இந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. விலையும் பற்றரியும் கடைக்காரரின் பேச்சும் அதற்குப் பிறகுதான்.

2022 மார்ச் முதல் மே வரையான சில வாரங்களில் ஒரு டொலரின் விலை ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியது. டொலர் கொடுத்து இறக்கும் பொருட்களில் கணினியும் ஒன்று என்பதால், உயர்தரம் முடித்த பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி வாங்குவது பல வீடுகளில் நகை அடகு வைக்கிற அளவுக்குப் பெரிய காரியமாயிற்று. அதனால்தான் விலை குறைந்த, இணையத்தை நம்பி இயங்கும் கணினிகளைப் பற்றி இப்போது இத்தனை பேர் விசாரிக்கிறார்கள். விசாரிப்பது நல்லது. ஆனால் குறைந்த விலைக்கு வாங்கி, வேலைக்கு உதவாமல் அலுமாரியில் வைத்தால், போன பணம் முழுவதும் நட்டம்தான். தேவைப்பட்ட கணினியைப் பிறகு இன்னொரு தடவை கடன்பட்டு வாங்க வேண்டியிருக்கும்.

முதலில் பொருளைத் தெரிந்துகொள்வோம். ஏசரும் சாம்சங்கும் செய்த முதல் குரோம்புக்குகள் 2011 ஜூனில் விற்பனைக்கு வந்தன. அவற்றில் விண்டோஸ் கிடையாது. கூகுளின் குரோம் ஓஎஸ் இருக்கும். கணினியைத் திறந்தால் குரோம் பிரௌசர்தான் உங்கள் மேசை. கடிதம், கணக்கு, படம் எல்லாம் கூகுள் டிரைவ் போன்ற இணையக் களஞ்சியத்தில் போய்ச் சேரும். அதனால் உள்ளே பெரிய களஞ்சியமோ வேகமான புரொசெசரோ வேண்டியதில்லை என்பதுதான் மலிவுக்குக் காரணம். அடிமட்டக் குரோம்புக்குகளில் 4 ஜிபி நினைவகமும் 32 அல்லது 64 ஜிபி களஞ்சியமும்தான் இருக்கும். பெரும்பாலானவற்றில் இரண்டும் பலகையோடு பற்றவைக்கப்பட்டவை, பிறகு கூட்ட முடியாது. விண்டோஸுக்கென்று எழுதிய எந்த மென்பொருளும் இதில் நேரடியாக ஏறாது. 2016க்குப் பிறகு அன்ட்ரொய்ட் செயலிகளையும், 2018க்குப் பிறகு லினக்ஸ் மென்பொருட்களையும் பல மாடல்களில் பாவிக்க வழி வந்தது. இந்தியாவில் ரிலையன்ஸ் ஜியோ 2023இல் 16,499 இந்திய ரூபாவுக்கு விற்ற ஜியோபுக்கும் இதே வகைச் சிந்தனையில் பிறந்ததுதான். ஆனால் அது ஜியோவின் வலையமைப்பை எண்ணிச் செய்யப்பட்டது. இங்கே அதைக் கொண்டுவந்து பயனில்லை.

வேலைக்கு வேலை வேறு

துறைமுகத்தைச் சுற்றியுள்ள கந்தோர்களிலிருந்து தொடங்குகிறேன். சீனக்குடாப் பக்கம் பிறீமா மா ஆலைக்குக் கோதுமையும், டோக்கியோ சீமெந்து ஆலைக்குக் கிளிங்கரும், எண்ணெய்க் குதங்களுக்கு எரிபொருளும் கப்பலில் வருகின்றன. இந்தச் சரக்குகளைச் சுற்றிக் கப்பல் முகவர்களும் கிளியரிங் ஏஜன்டுகளும் போக்குவரத்துக் கொந்தராத்துக்காரரும் இயங்குகிறார்கள். அங்கே வேலைக்குப் போகிறவர் குரோம்புக்கை நம்பிப் போகக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன்.

இலங்கைச் சுங்கம் பாவிக்கும் அசிகுடா வேர்ல்ட், ஐக்கிய நாடுகளின் வர்த்தக, அபிவிருத்தி மாநாடு உருவாக்கிய முறைமை. அதற்குள் நுழையும் மென்பொருள் ஜாவாவில் எழுதப்பட்டது, கணினியில் நிறுவிப் பாவிப்பது. விண்டோஸ் கணினியில் வழக்கமாக ஓடுவதைக் குரோம்புக்கின் லினக்ஸ் அறைக்குள் ஓட்டிப் பார்க்கலாமே என்று கணினி தெரிந்த நண்பர் சொல்லக்கூடும். சுங்கப் பிரகடனம் காத்திருக்க, லொறி வாசலில் நிற்க, அந்த நேரத்தில் பரிசோதனை செய்யக் கூடாது.

அடுத்தது எக்செல். மொத்தச் சரக்குக் கப்பலில் நேரம்தான் பணம். கப்பல் எத்தனை மணிக்கு வந்து சேர்ந்தது, எப்போது இறக்கத் தொடங்கியது, மழைக்கு எத்தனை மணி நேரம் நின்றது என்பதையெல்லாம் கணக்கிட்டு, தாமதக் கட்டணம் யார் யாருக்குக் கொடுப்பது என்று முடிவாகும். இந்தக் கணக்கைப் பல கந்தோர்கள் பழைய எக்செல் கோப்புகளில் வைத்திருக்கின்றன. யாரோ ஒருவர் பல வருடங்களுக்கு முன் எழுதிய மெக்ரோக்கள் அவற்றுக்குள் இருக்கும். இணையத்தில் திறக்கும் எக்செலில் அந்த மெக்ரோ ஓடாது. கூகுள் ஷீட்ஸிலும் அப்படியே ஓடாது. கோப்பு திறக்கும், எண்கள் தெரியும், பொத்தானை அமுக்கினால் மட்டும் எதுவும் நடக்காது. அன்ட்ரொய்ட் எக்செல் செயலியை ஏற்றிச் சமாளிக்கலாம் என்றால், குரோம்புக்கில் அந்தச் செயலிகளுக்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2021 செப்டெம்பரிலேயே நிறுத்தி, பிரௌசரில் பாவியுங்கள் என்று சொல்லிவிட்டது.

உப்புவெளி, நிலாவெளி ஹொட்டேல்களில் கதை நேர்மாறு. அங்கே வரவேற்பு மேசையில் இருப்பவர் செய்வதெல்லாம் பிரௌசரில்தான்: புக்கிங் தளங்களின் பக்கங்கள், அறை ஒதுக்கீட்டு முறைமை, ஜிமெயில், வட்ஸ்அப் வெப், கூகுள் மெப்ஸ். மே முதல் செப்டெம்பர் வரையான பருவத்தில் நான்கைந்து மாதம் மட்டும் கூட்டம் வரும் சிறு விடுதிக்கு விலை உயர்ந்த கணினி வீண் செலவு. ஒரு குரோம்புக் சில செக்கன்களில் எழும்பும், வைரஸ் பயம் மிகக் குறைவு, வேலையாள் மாறினால் கணக்கை மட்டும் மாற்றிவிடலாம். சுழியோடிகளையும் புறா மலைப் பயணிகளையும் கூட்டிச் செல்லும் சிறு நிறுவனங்களுக்கும் இதே பதில்தான்.

ஒன்றை மட்டும் ஹொட்டேல்காரர் மறக்கக் கூடாது. விருந்தினரின் கடவுச்சீட்டுப் பிரதியை வேலையாள் தன் சொந்த ஜிமெயில் கணக்கின் டிரைவில் போட்டுவைப்பது இங்கே சாதாரணமாக நடக்கிறது. அவர் வேலையை விட்டுப் போனால் அந்தப் பிரதிகளும் அவரோடு போகும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இப்படித் தரவு சேகரிப்பவர்கள் மேல் பொறுப்பைச் சுமத்துகிறது. விடுதியின் பெயரில் தனிக் கணக்கு ஒன்றைத் திறந்து, அதன் கடவுச்சொல்லை முதலாளி வைத்திருப்பது கணினி வாங்குவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை.

தொண்டு நிறுவனங்களில் களப்பணி செய்பவர்களுக்கும் குரோம்புக் பொருந்தும். மூதூரிலோ குச்சவெளியிலோ வீடு வீடாகச் சென்று கேள்விக்கொத்து நிரப்பும் வேலைக்குக் கோபோ டூல்பொக்ஸ் போன்ற கருவிகள் உண்டு. அவற்றின் படிவங்களைப் பிரௌசரில் முன்கூட்டியே திறந்து வைத்தால் இணைப்பில்லாத இடத்திலும் நிரப்பலாம். இணைப்புக் கிடைத்ததும் அனுப்பலாம். அறிக்கை எழுதுவதற்கும் அட்டவணை போடுவதற்கும் கூகுள் டொக்ஸும் ஷீட்ஸும் போதும்.

கணக்காளர்களுக்குப் பதில் இரண்டாகப் பிரியும். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் இணையச் சேவைகளும் வங்கிகளின் இணையப் பக்கங்களும் பிரௌசரில் திறக்கும். குயிக்புக்ஸ் ஒன்லைன் பாவிக்கும் நிறுவனமென்றால் பிரச்சினை இல்லை. கணினியில் நிறுவிய பழைய குயிக்புக்ஸ், டாலி போன்றவற்றில் கணக்கு வைத்திருக்கும் கடைகளும் ஆலைகளும் இங்கே ஏராளம். அங்கே விண்டோஸ்தான் வேண்டும். படம் வரையும் ஓட்டோகேட், அச்சகத்தின் கோரல்டிரோ, கலியாண அல்பம் செய்பவரின் போட்டோஷொப்பும் பிரிமியரும் இருக்கும் தொழிலில் இருப்பவர் இந்தக் கட்டுரையில் குரோம்புக் பகுதியை விட்டுவிட்டு நேரே பழைய மடிக்கணினிகள் பற்றிய பகுதிக்குப் போகலாம்.

பாமினி என்னும் தடை

தமிழில் வேலை செய்பவர்களுக்கு இங்கே ஒரு தனிப் பிரச்சினை இருக்கிறது. வெளிநாட்டு விமர்சனங்கள் எதிலும் இதைப் படிக்க முடியாது. நம் பாடசாலைகள், அச்சகங்கள், பிரதேச செயலகங்கள், கோவில் நிர்வாகங்கள் எல்லாவற்றிலும் பாமினி எழுத்துருவில் தட்டிய கோப்புகள் குவிந்து கிடக்கின்றன. பாமினி யூனிகோட் அல்ல. உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும்தான். அவற்றின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்துகிறது அந்த எழுத்துரு. விண்டோஸில் எழுத்துருவை நிறுவினால் தமிழாகத் தெரியும். குரோம்புக்கில் அப்படி எழுத்துருவை நிறுவும் வசதி இல்லை; கூகுள் டொக்ஸும் தன் பட்டியலில் உள்ள எழுத்துருக்களை மட்டுமே காட்டும். தவணைப் பரீட்சை வினாத்தாளைத் திறந்தால் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்துகளின் குழப்பம்தான் வரும்.

தட்டச்சிலும் இதே கதை. குரோம் ஓஎஸ்ஸில் தமிழ்99, இன்ஸ்கிரிப்ட், ஒலிபெயர்ப்பு, தட்டச்சுப்பொறி முறை ஆகிய விசைப்பலகைகள் கூடவே வருகின்றன. பாமினி முறையில் வருடக்கணக்காக விரல் பழகியவருக்குத் தட்டச்சுப்பொறி முறை மட்டும் ஓரளவு நெருக்கமாக இருக்கும், மற்றவை கைக்கு வராது.

வழி இருக்கிறது, ஆனால் உழைப்பு வேண்டும். பாமினியை யூனிகோடுக்கு மாற்றித் தரும் இணையப் பக்கங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. எழுத்தை வெட்டி ஒட்டி மாற்றிய பிறகு அட்டவணைகளையும் ஆங்கிலச் சொற்களையும் மட்டும் கையால் திருத்த வேண்டும். அந்தப் பக்கங்கள் ஆங்கிலச் சொற்களையும் கண்மூடித்தனமாகத் தமிழாக்கிவிடும் என்பதால், கலந்த கோப்பில் கவனம் தேவை. லினக்ஸ் வசதியைத் திறந்து அதற்குள் லிப்ரே ஒபிஸையும் பாமினி எழுத்துருவையும் நிறுவியும் பார்க்கலாம். 4 ஜிபி கணினியில் அது திணறும். என் கருத்தில் யூனிகோடுக்கு மாறுவதே ஆசிரியர்களுக்கும் எழுதுவினைஞர்களுக்கும் நீண்ட காலத்துக்கு நல்லது. யூனிகோடில் உள்ள கோப்பைத் தேடலாம், தொலைபேசியில் படிக்கலாம், வட்ஸ்அப்பில் ஒட்டலாம். இருந்தாலும் நாளை காலை அதிபரிடம் பாமினியில் வினாத்தாள் கொடுக்க வேண்டியவருக்கு நான் இந்த அறிவுரையைச் சொல்ல மாட்டேன். அவருக்கு விண்டோஸ் கணினி வேண்டும்.

மாணவர்களும் வேலை தேடுபவர்களும்

கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்திலோ, நகரின் உயர் தொழில்நுட்பவியல் நிறுவகத்திலோ படிப்பவர்கள் தங்கள் பாடத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். சித்த மருத்துவம், மொழி, தொடர்பாடல் படிப்பவருக்குக் குரோம்புக் நன்றாகவே போதும். வணிகக் கற்கையில் இறுதி வருட ஆய்வுக்கு எஸ்பிஎஸ்எஸ் என்னும் புள்ளிவிபர மென்பொருளைக் கேட்பார்கள். அதை இதில் நிறுவ முடியாது. பிரௌசரில் ஓடும் ஜமோவி போன்றவை பெரும்பாலான கணக்கைச் செய்து தரும், ஆனால் மேற்பார்வையாளர் ஏற்பாரா என்று முதலாம் வருடத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கணினி விஞ்ஞானம் படிப்பவருக்கு 8 ஜிபி நினைவகம் உள்ள குரோம்புக்கில் லினக்ஸைத் திறந்தால் பைதன், ஜாவா, தரவுத்தளம் எல்லாம் பழகலாம். கூகுள் கொலாப் பிரௌசரிலேயே கிடைக்கிறது. விஷுவல் ஸ்ருடியோவின் முழு வடிவம் மட்டும் விண்டோஸைக் கேட்கும்.

வேலை விளம்பரங்களை எடுத்துப் பாருங்கள். எழுதுவினைஞர், கணக்கு உதவியாளர், களஞ்சியப் பொறுப்பாளர் என்று எந்தப் பதவியானாலும் ‘எம்எஸ் ஒபிஸ்’ அறிவு கேட்பார்கள். நேர்முகத் தேர்வில் ஒரு விண்டோஸ் கணினியின் முன் உட்காரவைத்து எக்செலில் சம்பளப் பட்டியல் ஒன்று செய்யச் சொன்னால், கூகுள் ஷீட்ஸில் மட்டும் பழகியவர் மெனுக்களைத் தேடித் தடுமாறுவார். இதற்காகக் குரோம்புக்கை ஒதுக்க வேண்டியதில்லை. மைக்ரோசொஃப்ட் கணக்கொன்றை இலவசமாகத் திறந்தால் வேர்டும் எக்செலும் பிரௌசரில் கிடைக்கும், 5 ஜிபி களஞ்சியமும் கிடைக்கும். சூத்திரங்களையும் பிவட் அட்டவணையையும் அதில் பழகுங்கள். மெக்ரோ எழுதுவதற்கு மட்டும் நண்பரின் கணினியையோ பயிற்சி நிலையத்தையோ நாட வேண்டும்.

வீட்டிலிருந்து வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு எழுதிக் கொடுப்பவர்கள், மொழிபெயர்ப்பவர்கள், மெய்நிகர் உதவியாளர்கள் குரோம்புக்கில் நிம்மதியாக வேலை செய்யலாம். மணிக்கணக்குச் சம்பளத்தில் வேலை தரும் சில நிறுவனங்கள் நேரத்தைப் பதியும் மென்பொருளையும் தங்கள் விபிஎன்னையும் கணினியில் நிறுவச் சொல்லும். அவை விண்டோஸுக்கும் மெக்குக்கும் மட்டும் இருக்கலாம். ஒப்பந்தத்துக்குக் கையொப்பமிட முன் கேட்டால் ஒரு மின்னஞ்சலோடு முடிந்துவிடும்.

கரண்டும் லைனும்

2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை எவரும் மறந்திருக்க மாட்டோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடே ஒரேயடியாக இருளில் மூழ்கியது. மின்சாரம் என்று பார்த்தால் குரோம்புக் நமக்கு ஏற்ற கணினி. நல்ல பற்றரியுள்ளது ஒரு வேலைநாளை ஓட்டும். புதிய மாடல்கள் டைப்-சி வயரில், பெரும்பாலும் 45 வொட் அளவிலான சார்ஜரில் ஏறும். அந்த வேகத்தில் கொடுக்கக்கூடிய பவர் பேங்க் இருந்தால் இன்னும் சில மணி நேரம் சேர்த்துக்கொள்ளலாம். மேசைக் கணினியும் யூபிஎஸ்ஸும் வைத்திருப்பவருக்கு இந்தச் சுகம் கிடையாது.

லைன் வேறு விஷயம். மின்சாரம் நெடுநேரம் நின்றால் தொலைபேசிக் கோபுரங்களின் பற்றரியும் இறங்கும். கணினி உயிரோடு இருக்கும், இணைப்பு இருக்காது. ஒக்ரோபர் முதல் ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழையும் காற்றும் சேர்ந்தால் புல்மோட்டை, மூதூர் பக்கங்களில் சிக்னல் எப்படி இருக்கும் என்று அங்குள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஸ்டார்லிங்க் 2025 ஜூலையில் இலங்கையில் சேவையைத் தொடங்கியது. நான்கைந்து விடுதிகள் சேர்ந்து யோசிக்கலாம். தனி ஒருவரின் சம்பளத்துக்கு அது கட்டுபடியாகும் என்று நான் நினைக்கவில்லை.

ஆகவே இணைப்பில்லாமல் வேலை செய்யும் ஏற்பாட்டை முதல் நாளே செய்துவிடுங்கள். இணைப்பு இருக்கும்போதுதான் இதைச் செய்ய முடியும் என்பதைப் பலர் இணைப்புப் போன பிறகுதான் அறிகிறார்கள். கூகுள் டிரைவின் அமைப்பில் ‘ஓஃப்லைன்’ வசதியைத் திறந்துவிட வேண்டும். முக்கியமான கோப்பு ஒவ்வொன்றையும் இணைப்பில்லாமல் கிடைக்கும்படி குறித்துவைக்க வேண்டும். ஜிமெயிலிலும் தனியாக ஓஃப்லைன் அமைப்பு உண்டு. கடைசி 7, 30 அல்லது 90 நாள் அஞ்சல்களைக் கணினியில் வைத்திருக்கும். பிறகு வைஃபையை நீங்களே நிறுத்திவிட்டு அரை மணி நேரம் வேலை செய்து பாருங்கள். எது திறக்கவில்லையோ அதைச் சரிசெய்யலாம்.

டேட்டாச் செலவு பலர் பயப்படுவது போல எழுத்து வேலையில் வராது. டொக்ஸில் நாள் முழுக்கத் தட்டினாலும் சொற்ப அளவுதான் போகும். சூம் கூட்டம்தான் விழுங்கும். வீடியோவின் தரத்தைப் பொறுத்து மணிக்கு ஒரு ஜிபி அளவிலும் அதற்கு மேலும் போகலாம். குரோம் ஓஎஸ் ஏறத்தாழ 4 வாரத்துக்கு ஒரு முறை புதுப்பித்துக்கொள்ளும்; அதற்கும் நூற்றுக்கணக்கான எம்பி வேண்டும். தொலைபேசி ஹொட்ஸ்பொட்டில் வேலை செய்பவர் அந்த இணைப்பை ‘அளவிடப்பட்டது’ என்று அமைப்பில் குறித்துவைத்தால் பின்னணியில் டேட்டா கரைவது குறையும். 2020இல் கொவிட் முடக்கத்தின்போது லேர்ன் வலையமைப்பு வழியாகப் பல்கலைக்கழக மாணவர்கள் சூம் விரிவுரைகளை இலவசமாகப் பார்க்க முடிந்தது. அதை நினைத்துக்கொண்டு இன்றைய மாதச் செலவைக் கணக்குப் போடாதீர்கள்.

மேகத்தில் இருப்பதும் தொலையும்

இணையத்தில் போட்டுவிட்டால் கோப்பு என்றென்றும் பத்திரம் என்ற நம்பிக்கை ஆபத்தானது. நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் இணையக் களஞ்சியமான லங்கா அரச மேகத்தைக் கப்பம் கேட்கும் தீநிரல் தாக்கியது. அரச திணைக்களங்களின் ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. அந்த வருடம் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அஞ்சல்கள் மீளவில்லை. அந்தக் காலத்துக்கு வேறிடத்தில் வைத்த பிரதி இருக்கவில்லை. தென்கொரியாவில் 2025 செப்டெம்பர் 26 அன்று தேஜோன் நகர அரச தரவு மையத்தில் தீப்பிடித்து, அரச ஊழியர்கள் கோப்புகளை வைத்திருந்த களஞ்சியத்தில் 858 டெராபைட் அழிந்தது. அவ்வளவு வளமும் தொழில்நுட்பமும் உள்ள நாட்டிலேயே, பெருங்களஞ்சியம் என்பதால் அதற்கு வேறிடத்தில் பிரதி எடுத்திருக்கவில்லை.

கூகுளின் களஞ்சியம் இவற்றைவிடப் பலமானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தனியாள் கோப்பை இழப்பது பெரும்பாலும் வேறு வழிகளில். கடவுச்சொல்லைப் போலிப் பக்கத்தில் கொடுத்துவிடுவது, பழைய சிம்மை இழந்ததால் கணக்கை மீட்க முடியாமற்போவது, இரண்டு வருடம் திறக்காமல் விட்ட கணக்கைக் கூகுள் அழித்துவிடுவது, 15 ஜிபி இலவச இடம் நிறைந்து புது அஞ்சல் வராமல் நிற்பது. அந்த 15 ஜிபியை ஜிமெயிலும் டிரைவும் கூகுள் போட்டோஸும் பங்கிட்டுக்கொள்கின்றன. குடும்பப் படங்கள் நிறைந்து, அலுவலகக் கடிதம் திரும்பிப் போகும். ஆகவே வேலைக்கு ஒரு கணக்கு, வீட்டுக்கு ஒரு கணக்கு என்று பிரித்துவிடுங்கள். இரு படிச் சரிபார்ப்பைத் திறந்து, மீட்புக் குறியீடுகளைக் கடதாசியில் அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு முறை முக்கிய கோப்புகளை வெளி ஹார்ட் டிஸ்க்கில் இறக்கிவையுங்கள். கூகுள் டேக்அவுட் முழுக் கணக்கையும் ஒன்றாக இறக்கித் தரும்.

அதே காசுக்கு வேறு வழி

மலிவு என்றால் குரோம்புக் மட்டும் என்பதில்லை. கொழும்பு யூனிட்டி பிளாசாவிலும் நம்மூர்க் கடைகளிலும் வெளிநாட்டு நிறுவனங்கள் பாவித்துக் கழித்த திங்பெட், லெட்டிடியூட் போன்ற மடிக்கணினிகள் கிடைக்கின்றன. கனம்தான், பற்றரியும் தேய்ந்திருக்கும். ஆனால் நினைவகத்தையும் களஞ்சியத்தையும் கூட்டலாம், உதிரிப்பாகமும் திருத்துபவரும் எளிதில் கிடைப்பார்கள், எக்செல் மெக்ரோ, பாமினி, டாலி எல்லாம் ஓடும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14உடன் முடிந்துவிட்டதால் ஒன்றைக் கவனியுங்கள்: இன்டெல் 8ஆம் தலைமுறைக்கு முந்திய புரொசெசர்களை, மிகச் சில விதிவிலக்குகளைத் தவிர, விண்டோஸ் 11 முறையாக ஏற்பதில்லை. 6ஆம், 7ஆம் தலைமுறைக் கணினியை மலிவு என்று தள்ளிவிடப் பார்க்கும் கடைகள் உண்டு. துறைமுகக் கந்தோர், அச்சகம், பாடசாலை என்றால் 8ஆம் தலைமுறைப் பழைய கணினிதான் என் தெரிவு.

புதிதாக விற்கும் அடிமட்ட விண்டோஸ் மடிக்கணினிகளை, 4 ஜிபி நினைவகமும் 64 ஜிபி களஞ்சியமும் கொண்டவற்றை, எவருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். விண்டோஸே இடத்தின் பெரும்பகுதியைப் பிடித்துவிடும். பெரிய புதுப்பிப்புக்கு இடம் போதாமல் நிற்கும். அதே உறுப்புகளில் குரோம் ஓஎஸ் சுறுசுறுப்பாக ஓடுகிறது.

வீட்டில் பழைய கணினி கிடந்தால் ஒரு காசும் செலவழிக்காமல் பரீட்சித்துப் பார்க்கலாம். கூகுள் 2022இல் வெளியிட்ட குரோம் ஓஎஸ் ஃபிளெக்ஸ் இலவசம். 8 ஜிபி யூஎஸ்பி குச்சி ஒன்றில் அதை ஏற்றி, கணினியில் உள்ளதை அழிக்காமல் குச்சியிலிருந்தே ஓட்டலாம். அன்ட்ரொய்ட் செயலிகள் மட்டும் அதில் இல்லை. இதற்கும் மனமில்லாதவர், இப்போது பாவிக்கும் விண்டோஸ் கணினியில் ஒரு வாரம் குரோம் பிரௌசரைத் தவிர வேறெதையும் திறக்காமல் வேலை செய்யட்டும். திறக்க வேண்டி வந்த ஒவ்வொன்றையும் கடதாசியில் எழுதி வைக்கட்டும். வாரக் கடைசியில் அந்தக் கடதாசி வெறுமையாக இருந்தால் தாராளமாக வாங்கலாம்.

கடையில் நிற்கும்போது

குரோம்புக் என்று முடிவானால், முதலில் புதுப்பிப்பு முடியும் திகதியைப் பாருங்கள். அமைப்பில் ‘குரோம் ஓஎஸ் பற்றி’ என்ற பகுதிக்குள் மேலதிக விபரத்தில் அது இருக்கும். 2021 முதல் வெளியான மாடல் தளங்களுக்கு 10 வருடப் புதுப்பிப்புத் தருவதாகக் கூகுள் 2023இல் அறிவித்தது. அந்தக் காலம் கடை விற்ற நாளிலிருந்து அல்ல, மாடல் தளம் வெளியான நாளிலிருந்து எண்ணப்படும். அன்ட்ரொய்டையும் குரோம் ஓஎஸ்ஸையும் ஒன்றாக்கப் போவதாக 2025இல் கூகுள் சொல்லியிருக்கிறது; அதனாலும் மிச்சக் காலம் நீளமாக உள்ள மாடலை எடுப்பதே புத்தி.

பாவித்த குரோம்புக் என்றால் இன்னொரு பொறி இருக்கிறது. அமெரிக்கப் பாடசாலைகள் கழித்தவை கப்பலேறி வருகின்றன. பாடசாலையோ நிறுவனமோ தன் நிர்வாகப் பட்டியலிலிருந்து விடுவிக்காத கணினியை எத்தனை தடவை அழித்துத் துடைத்தாலும், இணையத்தில் இணைத்ததும் பழைய உரிமையாளரின் கணக்கைக் கேட்டு நின்றுவிடும். கடையிலேயே முழுவதும் அழிக்கச் சொல்லி, உங்கள் தொலைபேசி ஹொட்ஸ்பொட்டில் இணைத்து, உங்கள் சொந்த ஜிமெயில் கணக்கால் உள்ளே போய்ப் பாருங்கள். வேறு நிறுவனம் நிர்வகிப்பதாகத் திரையில் எங்காவது எழுதியிருந்தால் விலை எவ்வளவு இறங்கினாலும் எடுக்க வேண்டாம்.

4 ஜிபி நினைவகம் வரவேற்பு மேசைக்குச் சரி. சூம் கூட்டமும் பத்துப் பக்கங்களும் ஒன்றாகத் திறந்து வைப்பவருக்கு 8 ஜிபி வேண்டும். 2023 ஒக்ரோபரில் வந்த குரோம்புக் பிளஸ் வகையில் 8 ஜிபியும் 128 ஜிபி களஞ்சியமும் குறைந்தபட்சமாக வரையறுக்கப்பட்டிருக்கின்றன. விலையும் அதற்கேற்ப ஏறும். அந்த விலையில் பாவித்த நல்ல திங்பெட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சென்னைக்குப் போய்வரும் உறவினரிடம் சொல்லி வாங்குபவர்கள், எச்பி நிறுவனம் 2023 ஒக்ரோபரிலிருந்து சென்னை அருகே குரோம்புக் செய்கிறது என்பதால் அங்கே தெரிவு கூடுதல் என்று எண்ணலாம். எண்ணுவது சரிதான், ஆனால் இந்திய உத்தரவாதம் இலங்கையில் செல்லுமா என்பதை இங்குள்ள முகவரிடம் கேட்டு எழுத்தில் வாங்காமல் காசு அனுப்ப வேண்டாம்.

கடைசியாகப் பிரின்டர். குரோம்புக்கில் டிரைவர் நிறுவ முடியாது. வைஃபையில் இணையும் புதிய பிரின்டர்கள் பெரும்பாலும் தாமாகவே அறிமுகமாகும். கந்தோர்களில் பத்துப் பதினைந்து வருடமாக உழைக்கும் பழைய யூஎஸ்பி லேசர் பிரின்டர்கள் சிலவும், பில் அடிக்கும் டொட் மெட்ரிக்ஸ் பிரின்டர்களும் ஒத்துழைக்காமல் போகலாம். உங்கள் கந்தோர்ப் பிரின்டரின் மாடல் இலக்கத்தைத் தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டு போய், ஒரு பக்கமாவது அச்சிட்டுப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். முடியாவிட்டால், அச்சிட முடியாதபோது ஒரு வாரத்துக்குள் திருப்பி எடுப்பதாகப் பற்றுச்சீட்டின் பின்புறத்தில் எழுதி, கடையின் முத்திரை குத்தி வாங்கிக்கொள்ளுங்கள்.